சந்தனம் ஒட்டிய பூட்டு

வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிற ரகம் கோமதிநாயகம். தொங்கி முடித்துத் தெருமுனை வரை போவார். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவார். வந்ததற்கு மறுபடியும் ஒரு தொங்கல். இந்தப் பழக்கத்தால் அவர் தவறவிட்ட பஸ்களை வரிசையாக நிறுத்தினால் பாளையங்கோட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் நிற்கும் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அவர் மறுப்பதில்லை. "பூட்டு விஷயத்துல நான் கொஞ்சம் கிறுக்கன்தான்" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் அனுபவத்தில் கண்ட தந்திரம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு பூட்டை மட்டும் மூன்று மாதம் திறந்து போட்டிருந்தார். அது தென்மாவட்டத்துக் குழந்தைகள் அத்தனை பேருடைய மருந்துக்கும் போட்ட பூட்டு.

பூச்சிகள் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. பூச்சி என்றால் பறக்கிற பூச்சி அல்ல. தானே யோசித்து, தன்னைத் தானே திருத்திக்கொண்டு, இணையத்தில் சுற்றித் திரியும் நிரல்கள். கூலிக்கு ஏவிவிட்டவை பாதி, ஏவியவன் செத்துப் போயும் சுற்றுகிற அநாதைகள் மீதி. எந்தக் கணினியில் எழுத இடம் இருக்கிறதோ, அதில் நுழைந்து எதையாவது மாற்றி எழுதிவிட்டுப் போகும். காலையில் ஒழுங்காக இருந்த பக்கம் மத்தியானம் வேறு பாஷை பேசும். கோமதிநாயகத்தின் தங்கை மகள் கல்யாணப் பக்கத்தில் மண்டபத்தின் பெயர் மாறிப்போய், மாப்பிள்ளை வழி உறவு இரண்டு வேன் ஆட்கள் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ போய்ச் சேர்ந்தார்கள். தாலி கட்டும்போது அட்சதை போட்டார்கள். பந்தியிலும் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பாயசத்தின்போதுதான், "மாப்பிள்ளை நம்ம பையன் மாதிரி இல்லையே" என்று ஒரு பெரியவருக்குச் சந்தேகம் வந்தது.

இது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதையும் இருந்தது. எங்கோ ஓர் ஊரில், குழந்தை மருந்துப் பக்கத்தில் ஒரே ஓர் எண் மாறியது. மருந்துக் கடைக்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகுதான் தென்மாவட்ட மருந்தக ஒன்றியம் அந்த இரும்புப் பெட்டியை வாங்கியது. உள்ளங்கை அகலம். எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து எவ்வளவு என்ற பக்கம் மொத்தமும் அதற்குள். ஒன்றியத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற கோமதிநாயகம் அதற்குக் 'கல்வெட்டு' என்று பெயர் வைத்தார். அவரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. மற்றவர்களுக்கு அது 'டப்பா'.

ஒன்றியத் தலைவராகப் புதிதாக வந்த உலகநாதன் டப்பாவைப் பார்க்க வந்தபோது, பாஸ்வேர்டு பலமானதுதானா என்று விசாரித்தார். அந்தக் கேள்விக்காகவே பிறந்து வளர்ந்தவர் போல கோமதிநாயகம் எழுந்து நின்றுகொண்டார்.

"பாஸ்வேர்டே கிடையாது அண்ணாச்சி. பாஸ்வேர்டுன்னா திருடலாம். இதுல எழுதுற கம்பியே உள்ளே துண்டிச்சுக் கெடக்கு. படிக்கத்தான் முடியும். ரேடியோல செய்தி வாசிக்கிறவரைப் பாத்து நீங்க எவ்வளவுதான் கத்துங்க, அவருக்குக் கேக்குமா? அதான் இது. உலகத்துப் பூச்சியெல்லாம் சேந்து வந்து கத்தினாலும் இதுக்குக் காது கெடையாது."

"அப்பம் நமக்கே மாத்தணும்னா?"

"இந்தா பாருங்க." பெட்டியின் பக்கவாட்டில் நகம் அளவுக்கு ஒரு தள்ளுப்பூட்டு. பக்கத்தில் கடுகு போல ஒரு விளக்கு. "இதைக் கையால தள்ளினாத்தான் கம்பி சேரும். சேந்தா விளக்கு பச்சை. எழுதி முடிச்சு மறுபடித் தள்ளினா செகப்பு. மனுசக் கை வேணும் அண்ணாச்சி. வலை வழியா எத்தனை பூச்சி வந்தாலும் கை வராதுல்லா."

தலைவர் மதிப்போடு தலையை ஆட்டினார். ஒன்றியத்தில் மருந்தாளுநராக இருந்த எஸ்தர் பாக்கியம் மட்டும், "அந்தக் கை அண்ணாச்சியோடதுங்கிறதுதான் எனக்குப் பயம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்தார்.

எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இணையமே எட்டாத பின்னறையில், பழைய டானிக் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, எஸ்தர் தடிமனான அளவுப் புத்தகத்திலிருந்து உரக்க வாசிப்பாள். கோமதிநாயகம் திரையில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். அந்தக் காலத்து அச்சாபீஸில் பிழை பார்க்கிற மாதிரி. இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் இருந்தது. இப்போதெல்லாம் சின்ன ஆஸ்பத்திரிகளில் மருந்தை அளந்து ஊற்றுவதும் இயந்திரம்தான். அது ஒன்றியத்தின் பக்கத்தைப் படிக்கும், குழந்தையின் எடையைப் பார்க்கும், ஊற்றும். நர்ஸ் நினைத்தாலும் ஒரு சொட்டு கூட்டவோ குறைக்கவோ முடியாது. நர்ஸ் நினைக்கவே வேண்டாம் என்பதற்காகத்தான் அதை வாங்கியதே.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், குழந்தைகளின் வலிப்புக்கு ஒரு புது மருந்து வந்து சேர்ந்தது. பூஜையன்று காலையிலேயே கோமதிநாயகம் புத்தகத்தைப் பார்த்து அந்த வரிகளைத் தட்டி, அச்சும் எடுத்து வைத்துவிட்டார். பிறகு புத்தகத்தைத் துடைத்துப் பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மாலை போட்டு அடுக்கினார். எஸ்தர் வந்து, வாசித்துச் சரிபார்க்கப் புத்தகத்தைக் கேட்டாள்.

"பூஜையில வச்ச புத்தகத்தை நாளைக்குத்தான் தொடணும்" என்றார்.

"எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே அண்ணாச்சி. நான் வேதக்காரி. நான் எடுக்கேன்."

"ஒனக்கு இல்லம்மா. புத்தகத்துக்கு இருக்கு."

எஸ்தர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். கோவில் கொடை விழாவுக்குத் தேவாலயத்துக்காரர்கள் பந்தல் போடுவதும், கிறிஸ்துமஸுக்குக் கோவில்காரர்கள் முறுக்குச் சுடுவதுமாக வளர்ந்த ஊர். மரியாதை என்று வந்துவிட்டால் யாரும் வாதாடுவதில்லை. அச்செடுத்த தாளை வைத்து அவள் வாசித்தாள், அவர் திரையில் பார்த்தார். எல்லாம் அட்சரசுத்தமாக ஒத்துப்போனது. இருவருக்கும் திருப்தி.

பெட்டியில் எழுதி முடித்த கையோடு தலைவர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். நல்ல நேரம் முடியப் போகிறதாம், டப்பாவையும் பூஜையில் வைக்க வேண்டாமா என்றார். நியாயமான கேள்வி. கத்தரிக்கோல் முதல் தராசு வரை பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒன்றியத்துக்கே சோறு போடுகிற பெட்டி சும்மா இருக்கலாமா? கோமதிநாயகம் ஓட்டமாகக் கொண்டுவந்து வைத்தார். தன் கையாலேயே சந்தனத்தைக் குழைத்துப் பெட்டியின் பக்கவாட்டில் தாராளமாகப் பூசினார். நடுவில் குங்குமம். பொரிகடலையும் சுண்டலும் வந்தன. அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் நினைவில்லை.

மறுநாள் விஜயதசமிக்கு வந்து, பெட்டியை எடுத்து, வழக்கம்போலத் தள்ளுப்பூட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இறுகலாக இருந்தது. இறுகலாக இருந்தால் பூட்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம். விளக்கையும் பார்த்தார். சிவப்பாகத்தான் தெரிந்தது. பெட்டியைக் கணினியில் சொருகிவிட்டு, கதவைப் பூட்டி, அந்தக் கதவுப் பூட்டைப் பிடித்து மட்டும் மூன்று தடவை தொங்கினார்.

அன்று மத்தியானம் ஒரு போன் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். நர்ஸ் ரகமத்து பீவி பேசினாள்.

"சார், புது வலிப்பு மருந்துல ஒரு வேளைக்குன்னு ஒரு அளவு போட்டிருக்கீய. அது ஒரு நாளைக்கு உள்ள அளவு மாதிரில்லா இருக்கு?"

கோமதிநாயகம் கனிவோடு சிரித்தார். "பயப்படாதீங்கம்மா. எங்க பக்கத்தை எவனாலயும் மாத்த முடியாது."

"மாத்திட்டாங்கன்னு நான் சொல்லலையே சார். தப்பா இருக்குமோன்னுதான் கேக்கேன்."

"அதான் சொல்லுதேம்லா. மாத்தவே முடியாது."

 "சரி சார்" என்று அவள் வைத்துவிட்டாள். அன்று வீட்டில் சாப்பிடும்போது, ஜனங்களுக்குத் தொழில்நுட்பம் புரியவைப்பது எவ்வளவு சிரமம் என்று மனைவியிடம் இதை ஒரு கதையாகச் சொன்னார். அவள் ரசம் ஊற்றினாள்.

பிறகு ஐப்பசி மழை, கார்த்திகை தீபம், மார்கழிப் பனி எல்லாம் வந்து போயின. பொங்கலுக்கு முன்னால் அலுவலகத்தை ஒட்டடை அடித்துக் கழுவுகிற வழக்கத்தில், கோமதிநாயகம் ஈரத்துணியோடு பெட்டியிடம் வந்தார். சந்தனம் காய்ந்து பாறையாகியிருந்தது. சுரண்டித் துடைத்தார். குங்குமமும் போனது.

விளக்கு பச்சையாக எரிந்தது.

முதலில் துணியைத்தான் சந்தேகப்பட்டார். திரும்பத் துடைத்தார். பச்சை. மூன்று மாதமாக அவர் பார்த்த சிவப்பு, விளக்கின் சிவப்பு அல்ல, குங்குமத்தின் சிவப்பு. கட்டைவிரலுக்கு இறுகலாகப் பட்டது பூட்டின் இறுக்கம் அல்ல, சந்தனத்தின் இறுக்கம். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எஸ்தர் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே, உலகத்திலேயே சாமி கும்பிட்டு ஒரு கதவைத் திறந்து வைத்த முதல் காவல்காரன் நான்தான் என்றார். சிரிப்பு வரவில்லை.

முதல் வேலையாகப் பெட்டியைப் பூட்டினார்கள். பிறகு, உள்ளே இருப்பதைப் பழைய அச்சுத் தாள்களோடு வரிவரியாக ஒப்பிட்டார்கள். ஒன்றும் மாறவில்லை, ஒன்றும் மாறவில்லை என்று போய்க்கொண்டே இருந்து, ஓர் இடத்தில் எஸ்தரின் குரல் நின்றது. புது வலிப்பு மருந்து. 'ஒரு வேளைக்கு' என்று தாளில் இருந்தது. திரையில், 'ஒரு நாளைக்கு, மூன்றாகப் பிரித்து' என்று இருந்தது.

"கை வச்சுட்டான்" என்றார் கோமதிநாயகம்.  மூன்றில் ஒரு பங்கு மருந்து குடித்து, வலிப்பு நிற்காமல் எத்தனை பிள்ளைகள் துடித்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கியது மனசு.

எஸ்தர் போய், அலமாரியிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பக்கம் புரட்டினாள். ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள். பிறகு புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள்.

புத்தகத்தில் இருந்தது, ஒரு நாளைக்கு, மூன்றாகப் பிரித்து.

வந்தவன் எழுதியதுதான் சரி. தப்பு கோமதிநாயகம் தட்டியது.

"நம்ம ரெண்டு பேரும் வாசிச்சுச் சரிபாத்தோமே" என்றார், குழந்தை மாதிரி.

"எதை வச்சு அண்ணாச்சி? புத்தகத்துக்கு மால போட்டாச்சு. நீங்க தட்டுனதை நீங்க எடுத்த அச்சோட ஒத்துப் பாத்தோம். கண்ணாடியில தெரியிற நம்ம மூஞ்சியும் நம்ம மூஞ்சியும் ஒத்துத்தான் போகும்." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அவளும்தான் வாசித்தாள்.

பூட்டு ஒழுங்காகப் பூட்டியிருந்தால் அந்தத் தப்பு இன்றைக்கும் அங்கேயே இருந்திருக்கும், ஒரு பூச்சி அண்டாமல், பத்திரமாக. இந்த எண்ணம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. 

அடுத்த பயம் உடனே வந்தது. விஜயதசமியன்று தப்பான அளவு ஏறியது. அது எப்போது திருத்தப்பட்டது? யார் எப்போது வந்தார்கள் என்ற கணினியின் பதிவைப் பார்த்தார்கள். அன்றைக்கே, மத்தியானம். அந்த இடைவெளியில் அந்த வரியை யாராவது படித்தார்களா? ஒரே ஓர் இடத்திலிருந்து படித்திருந்தார்கள். மலையடிவாரம், ஆரம்ப சுகாதார நிலையம். இயந்திரம் படித்தால் ஊற்றிவிடும். மும்மடங்கு.

கோமதிநாயகத்துக்கு அந்த "சரி சார்" காதில் கேட்டது.

"அந்தம்மா என்கிட்ட கேட்டாங்க எஸ்தரு. தப்பா இருக்கான்னு கேட்டாங்க. மாத்த முடியாதுன்னு பதில் சொன்னேன்."

விதிப்படி முதலில் சைபர் போலீசுக்குச் சொல்ல வேண்டும். மருத்துவப் பக்கத்தில் கை வைத்தவனுக்கு ஜாமீன்கூடக் கிடையாது, அவ்வளவு கடுமையான சட்டம். எஸ்தர் அந்தப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றாள். முதலில் அங்கே ஒரு பிள்ளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாளைக்கு வருகிறோம் என்று மட்டும் போனில் சொன்னாள். என்ன ஏது என்று போனில் கேட்க இருவருக்கும் தைரியம் இல்லை. நர்ஸ் ரகமத்து "வாங்க வாங்க" என்று வரவேற்றதாக எஸ்தர் சொன்னாள். அது அவர் பயத்தைக் குறைக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோமதிநாயகம் சாமிகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டே வந்தார். நடுவில் எஸ்தர் ஒன்று கேட்டாள். எழுத இடம் இருந்தால் பொழுது சாய்வதற்குள் பூச்சி புகுந்துவிடும் என்பார்களே, மூன்று மாதம் திறந்து கிடந்த வீட்டில் ஒரு எறும்புகூட வரவில்லையே, ஏன்? அவருக்குத் தெரியவில்லை. திருத்தியவன் ஒருவன், அதோடு சரி. வேறு ஒரு எழுத்துகூட அசையவில்லை. நம் அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே நம்பிக்கை இல்லை. அதிர்ஷ்டத்துக்கும் அவருக்கும் அப்படியொன்றும் பழக்கம் கிடையாது.

சுகாதார நிலையம் மலை நிழல் விழுகிற இடத்தில் இருந்தது. படியேறும்போதே ரகமத்து எதிரே வந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண், தலையில் முக்காடு, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. கோமதிநாயகம் வாயைத் திறப்பதற்குள் டப்பாவை அவர் கையில் திணித்தாள்.

"அச்சுமுறுக்கு சார். வீட்டுல சுட்டது. எப்பயாவது உங்களைப் பாத்தா குடுக்கணும்னு இருந்தேன். நீங்களே வாரீயன்னு சொன்னதும் ராத்திரியே சுட்டுட்டேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா?" அவள் எஸ்தரைப் பார்த்துச் சொன்னாள், சாட்சிக்கு ஆள் கிடைத்த மாதிரி. அன்றைக்கு ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம், நாச்சியார் என்று பெயர், விட்டுவிட்டு வலிப்பு. டாக்டர் கூட்டத்துக்குப் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. இயந்திரத்தில் பார்த்தால், ஒரு நாள் அளவு ஒரே வேளைக்கு. அந்த அளவை ஊற்ற விடவும் முடியாது, இவளாகக் குறைத்து ஊற்றவும் முடியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒன்றியத்துக்குப் போன் போட்டாள்.

"சாரு மாத்த முடியாதுன்னுட்டாரு. நான் பிள்ளையையும் மிஷினையும் மாறிமாறிப் பாத்துக்கிட்டு நிக்கேன். பிள்ளையோட அப்பா வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு. அளவு எவ்வளவு இருக்கணும்னு என்கிட்ட கேட்டாரு. சொன்னேன். கொஞ்சம் பொறுங்க நர்சம்மா, அவங்க திருத்திருவாங்கன்னு சொல்லிட்டு வெளிய போனாரு. கொஞ்ச நேரத்துல வந்து, இப்பம் பாருங்கன்னாரு. பாத்தா சரியா இருக்கு."  "போன்ல அப்படிப் பேசினாலும், வச்சதும் யோசிச்சுப் பாத்து உடனே திருத்திட்டீயளே சார். தான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட யாருக்கு மனசு வரும்? மூணு மாசமா ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கேக்கேன்."

கோமதிநாயகத்துக்கு அந்த டப்பா சூடாகத் தோன்றியது. வாழ்க்கையில் அவருக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது இது. அதில் ஒரு முறுக்குகூட அவருடையது இல்லை.  சொல்ல வேண்டியது யார் என்று எஸ்தருக்குத் தெரியும்.

"நான் திருத்தலைம்மா" என்றார். சந்தனம், குங்குமம், மாலை போட்ட புத்தகம் எல்லாவற்றையும் சொன்னார். "நீங்க போனை வச்சதுக்கப்புறம் நான் யோசிக்கவேயில்ல. வீட்டுல போய் உங்களைக் கேலி பண்ணினேன். உங்க தொழுகை எல்லாம் அட்ரஸ் மாறி வந்துட்டிருந்திருக்கு."

 ரகமத்துவின் பார்வை மெல்ல வெளியே போனது. வாசலுக்கு எதிரே ஒரு புங்கமரம். அதன் அடியில் சிமெண்டு மேடை. கட்டம் போட்ட சட்டையில் ஒல்லியாக ஒரு ஆள், மடியில் கணினி. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் செருப்பைக் கழற்றி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாராவாரம் மருந்துக்கு வருவாரு" என்றாள் மெதுவாக. "என்ன வேலைன்னு கேட்டா, வீட்டுலேந்தே செய்யிற வேலைன்னு சொல்லுவாரு. யாருக்கு என்னன்னு நானும் கேக்கதில்ல." சற்று நிறுத்தி, "அவருக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா சார்?" என்றாள்.

கோமதிநாயகம் டப்பாவோடு படியிறங்கினார்.

மரத்தடியில் போய் உட்கார்ந்தார். அந்த ஆள் கணினியை மூடிவிட்டு நிமிர்ந்தான். கண் இரண்டும் சிவந்து குழி விழுந்திருந்தது. ஓடலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது.

"இது உங்களுக்கு வந்தது" என்று கோமதிநாயகம் டப்பாவை நீட்டினார். "தவறி என் கைக்கு வந்துட்டு."

அவன் வாங்கவில்லை. மகள் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்க அவளுக்குப் பலம் போதவில்லை. கோமதிநாயகம் திறந்து கொடுத்தார். பிள்ளை முதல் முறுக்கைச் சத்தமாகக் கடித்தது.

"ரிப்போர்ட்டு எழுதணும்" என்றார் அவர். "சந்தனம் பூசினது நான்னு எழுதுவேன். தப்பாத் தட்டினதும் நான்னு எழுதுவேன். நர்ஸ் சொன்ன பிறகு பக்கம் திருத்தப்பட்டதுன்னு எழுதுவேன். அம்புட்டும் உண்மை. யாரு கைன்னு எழுத என்கிட்ட விவரம் இல்ல. அதனால நீங்க உங்க பேரை மட்டும் என்கிட்ட சொல்லிராதீங்க."

அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பூட்டிட்டீங்களா சார்?"

"பூட்டிட்டேன்."

"இழுத்துப் பாத்தீங்களா?"

கோமதிநாயகத்துக்கு அந்தக் கேள்வி உள்ளே எங்கோ போய்த் தொட்டது. ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாகத் தன் இனத்து மனிதன் ஒருவனைச் சந்தித்த மாதிரி இருந்தது. "பாத்தேன்" என்றார்.

"நானும் பாத்தேன். காலையில. அசையல." அவன் லேசாகச் சிரித்தான். "அப்பாடான்னு இருந்துச்சு."

"மூணு மாசமா ஒரு பூச்சிகூட…" என்று ஆரம்பித்தவர், அவன் சிவந்த கண்களைப் பார்த்து நிறுத்தினார்.

"வராமலா? ஒரு நாளைக்கு நூறு வரும்" என்றான். "நான் உள்ள வந்தேம்லா, அதே வழியில அதுகளும் வரும். வாசல்ல உக்காந்து ஒவ்வொண்ணா வெரட்டிக்கிட்டிருந்தேன். அதுகளோட குணம் எனக்குத் தெரியும். பாதி நான் வளத்ததுதான்." கடைசி வார்த்தையைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "இவளுக்கு மருந்து அந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் ஊத்துது. காவல் இல்லாம எப்படி விட்டுட்டுத் தூங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. பூட்டு திறந்திருக்குன்னு."

"நர்சம்மா சொன்னாங்களே சார், தப்பா இருக்குன்னு. அப்படிச் சொன்ன அவங்களுக்கே அந்தப் பதில்னா, பூட்டு திறந்திருக்குன்னு நான் சொன்னா?"

கோமதிநாயகம் தலையாட்டினார். அவரே போனை எடுத்திருப்பார். எங்க பூட்டை எவனாலயும் திறக்க முடியாது என்று கனிவோடு சொல்லியிருப்பார். அந்தக் குரல்கூட அவருக்குக் கேட்டது. தங்கை மகள் கல்யாண மண்டபம் திடீரென்று ஞாபகம் வந்து, அதுவும் இவன் வளர்த்த பூச்சிதானா என்று கேட்க வாயெடுத்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். பாயசம் நன்றாக இருந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

"இனிமே பக்கத்துல ஒரு போன் நம்பர் இருக்கும்" என்றார். "தப்புன்னு தோணினாக் கூப்பிடலாம். நர்ஸு சந்தேகப்பட்டா மிஷினை நிப்பாட்ட ஒரு பொத்தானும் கேக்கப் போறோம். போனை எடுக்கது நான் இல்ல. எஸ்தரு எடுப்பா. எனக்குப் பெருமை அடிக்கிற வியாதி இருக்கு, அதுக்கு இன்னும் அளவு கண்டுபிடிக்கலை."

 திரும்பிப் பார்த்தால், அவன் மரத்தில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தான். பாதிப் பேச்சில் கண் அப்படியே சொருகிவிட்டது. கணினி மடியிலிருந்து நழுவப் பார்த்தது. கோமதிநாயகம் அதை மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நாச்சியார் அவரிடம் ஒரு முறுக்கை நீட்டி, வாயில் விரலை வைத்து, சத்தம் போடக்கூடாது என்று சைகை காட்டினாள்.

எதிரே நிறுத்தத்தில் எஸ்தர் கையை ஆட்டினாள். பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கோமதிநாயகம் போகச் சொல்லிக் கை காட்டினார். இது மாதிரி எத்தனையோ பஸ்களை அவர் விட்டிருக்கிறார். நிம்மதியாக விட்டது இதுதான் முதல் பஸ்.

முறுக்கைச் சத்தமில்லாமல் கடிப்பது எப்படி என்று யோசித்தபடி, தூங்குகிறவனுக்குக் காவலாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்.